‘இங்க இதெல்லாம் சகஜம்’: வாசகர் கேள்வி பதில்

(இந்த இதழில் வேலையிடத் தொல்லைகள் பற்றி வந்த கடிதங்கள். பதில் எழுதுபவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், வாலாஜாபேட்டையில் வசிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: அம்மா, ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் நாலு வருஷமா இருக்கேன். புதுசா வந்த சூப்பர்வைசர், பீஸ் குறைஞ்சா போர்டு முன்னாடி நிக்க வெச்சுடறார். ‘வூட்ல சோறு துன்றியா மண்ணு துன்றியா’ன்னு லைன் மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி கத்தறார். பாத்ரூம் போனா வாட்ச்சைப் பாக்கறார். பழைய ஆளுங்களோ, ‘அவரு நல்லவருதான், இங்க இதெல்லாம் சகஜம், உனக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி’ன்னு சொல்றாங்க. நிஜமாவே எனக்குத்தான் ரோஷம் ஜாஸ்தியா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: ரோஷம் இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா, அது ஒன்றும் வியாதி இல்லை.

நான் ஒன்று கேட்கிறேன். காலையில் கம்பெனி வேனில் ஏறியதிலிருந்து மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எத்தனை வாய் தண்ணீர் குடிக்கிறீர்கள்? யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு லைன் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள நான் சூப்பர்வைசரைப் பார்க்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பழைய பெண்கள் முதல் நாள் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று காதைக் கொடுப்பேன். நல்ல லைனில், ‘ஊசி உடைஞ்சா பயப்படாம உடனே சொல்லு, துண்டு ஒண்ணு விடாம பொறுக்கிக் குடுத்துடணும்’ என்பார்கள். ‘லெதர்ல கீறல் இருந்தா தைக்காத, தனியா எடுத்து வை’ என்பார்கள். கெட்ட லைனில் பாடமே வேறு. ‘காலையில தண்ணி குடிக்காத. அவரு வந்தா நிமிராத. ஆடிட்டுக்கு ஆள் வந்து கேட்டா எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிடு.’ கத்துகிற ஆள் ஒருவர்தான். ஆனால் அவர் கத்தலுக்கு ஏற்றபடி முப்பது பேர் தங்கள் மூத்திரப்பையை வளைத்துக்கொள்கிறார்களே, அதற்குப் பிறகு அது ஒருத்தருடைய முன்கோபம் இல்லை. அந்த இடத்தின் நடைமுறை ஆகிவிட்டது. பழைய ஆட்கள் ‘சகஜம்’ என்று சொல்வது பொய்யில்லை, அவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. பழகியதால் சரியாகிவிடாது.

கண்டிப்பு வேறு, இது வேறு. தையல் கோணினால், ‘இதைப் பிரி, மறுபடி தை, இந்த மாதிரி ஒரு பீஸ்கூட வரக் கூடாது’ என்று குரலை உயர்த்திச் சொல்லட்டும். அது வேலையைப் பற்றிய பேச்சு. நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்று அதில் இருக்கிறது. ‘சோறு துன்றியா’ என்பதில் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. தலைகுனிவதைத் தவிர.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் அந்த மீட்டிங்குகளில் உட்கார்ந்தவள். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். செலவு கம்பெனி தலையில். அந்தப் பயம் மேலே ஆரம்பித்து, புரொடக்‌ஷன் மேனேஜர் வழியாக, காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் காதில் விழுந்து, பத்து மணிக்கு உங்கள் மெஷினுக்கு வந்து சேருகிறது. காரணம் தெரிந்துகொள்வது நல்லது. அவரைப் பூதமாக நினைக்காமல் இருக்கலாம். அதற்காகத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆர்டரைத் தாங்காத அளவுக்கு எடுத்தது நீங்கள் இல்லை.

பாத்ரூம் விஷயத்தில் சட்டம் சுற்றி வளைக்காமல் பேசுகிறது. தொழிலாளர்கள் ஆலையில் இருக்கும் நேரம் முழுக்க, எந்த நேரமும் போகக்கூடிய விதத்தில் கழிவறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. டோக்கன் கொடுப்பதும் வாட்ச் பார்ப்பதும் எந்தச் சட்டத்திலும் இல்லை. கணக்கு மீறிய நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பதும் அந்தக் காலத்திலிருந்தே உள்ளது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. ‘புதுச் சட்டம் வந்துடுச்சு, அதெல்லாம் போச்சு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெறும் வசவுக்கு? உள்ளதைச் சொல்கிறேன். மேலதிகாரி தினமும் அவமானப்படுத்துகிறார் என்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வேலையிடத்தில் வன்முறையும் தொல்லையும் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஜெனீவாவில் 190-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லி வைதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண் என்பதை வைத்து அசிங்கமாகப் பேசினால் அதற்கும் சட்டம் இருக்கிறது. மிரட்டல் என்றால் போலீஸ் வரை போகலாம்.

இப்போது என்ன செய்வது? சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். கம்பெனி டைரியில் எழுதாதீர்கள், லைனில் வைத்தும் எழுதாதீர்கள். வேனில் வீட்டுக்குப் போகும்போது எழுதுங்கள். தேதி, மணி, பக்கத்து மெஷினில் யார், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. ‘கேவலமாகப் பேசினார்’ என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, நல்ல அலுவலர்கூட அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘சோறு துன்றியா மண்ணு துன்றியா’ என்று அப்படியே எழுத வேண்டும். கை கூசும், பரவாயில்லை. அப்புறம் தனியாகப் போகாதீர்கள். ஒருத்தி போனால் ‘இவளுக்கு வேலையில் இஷ்டமில்லை’ என்பார்கள். மூன்று பேர் போனால் மேலே ஒரு கேள்வி எழும். இருநூற்றைம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும், அவரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஏற்றுமதி கம்பெனி என்றால் சரக்கு வாங்கும் பையரின் புகார் நம்பர் நோட்டீஸ் போர்டில் எங்காவது ஒட்டியிருக்கும், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத மூலையில். ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு செய்து தரும் இடங்களின் புகாரையும் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆம்பூர் ஷூ அங்கேயும் போகிறது. இதிலெல்லாம் நடக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை. பாத்ரூம் விவகாரம் அவர்கள் எல்லைக்குள் வரும்.

அதுவரைக்கும் தண்ணீர் குடியுங்கள். நாலு வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பும் கல்லுமாக ஆஸ்பத்திரிக்கு நடந்த பெண்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்கணும். கஸ்டமர் இல்லாதபோது சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். (வாசகர், வேலூர்)

பதில்: தம்பி, உட்காருவது உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புத் தர வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். கேரளத்தில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, கடைப் பெண்கள் போராடி வாங்கினார்கள். தொழிலாளர் உதவி ஆய்வாளருக்குப் பெயர் போடாமல் ஒரு மனு அனுப்பினாலும் ஆய்வுக்கு வர வாய்ப்புண்டு. பண்டிகை சீசனுக்கு முன்னால் அனுப்புங்கள்; தீபாவளிக் கூட்டத்தில் அவர்களாலும் உள்ளே நுழைய முடியாது. ஆறு மாசத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், தகுந்த காரணமும், ஒரு மாச நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் ‘நாளைலேர்ந்து வராத’ என்று சொல்ல முடியாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. கடை முதலாளிகள் பலருக்கே இது தெரியாது.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டரோடு ஒரு வார்த்தை வந்தது. அன்றிலிருந்து தொடர்ந்து நைட் டியூட்டி. போகிறேன் என்றால் ‘ரெண்டு லட்சம் கட்டிட்டு சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கோ’ என்கிறார்கள். (வாசகி, காட்பாடி)

பதில்: சர்ட்டிபிகேட் அடகுக்கடை நகை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்கிற வாங்குகிற பொருள் அல்ல, பணம் பாக்கி என்று சொல்லி அதைப் பிடித்துவைக்க உரிமை கிடையாது என்று சென்னை உயர்நீதிமன்றம் டாக்டர்கள் வழக்குகளிலேயே சொல்லியிருக்கிறது. இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்வேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தை அவர்கள் கோர்ட்டில் கேட்கலாம்; அதுவும் உங்களுக்குப் பயிற்சிக்கு நிஜமாகச் செலவு செய்திருந்தால். உங்கள் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பீரோவில் பூட்ட முடியாது.

முதலில் ஈமெயிலில், சண்டை வாசனையே இல்லாமல், ‘நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கத் தேவைப்படுகிறது, தயவுசெய்து ஒரிஜினல்களைத் தரவும்’ என்று கேளுங்கள். எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தேன் என்ற பட்டியலோடு. அவர்கள் மறுத்து எழுதினாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. தொழிலாளர்களுக்கும் உண்டு. போன் 15100. வக்கீல் நோட்டீஸ் போன மறுநாளே பீரோச் சாவி கிடைத்துவிடும் ஆஸ்பத்திரிகள் உண்டு.

ரோஸ்டரை மாசாமாசம் போட்டோ எடுத்து வையுங்கள். மற்ற சிஸ்டர்களுக்கு எத்தனை நைட், உங்களுக்கு எத்தனை என்பது தாளில் தெரியும்போது ‘எல்லாருக்கும் மாறி மாறித்தான் போடறோம்’ என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: ஊர், பெயர் வேண்டாம் அம்மா. மேனேஜர் ஃபைல் பார்க்கிற சாக்கில் மேலே சாய்கிறார். இரண்டு தடவை தோளில் கை வைத்தார். ராத்திரியில் ‘சாப்பிட்டியா’ன்னு மெசேஜ். எங்க ஆபீஸில் கமிட்டி இருக்கிறதா என்றே தெரியவில்லை. சொன்னால் நான்தான் இடம் கொடுத்தேன் என்பார்கள்.

பதில்: என்பார்கள். அதையும் சேர்த்தே யோசித்துத்தான் வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் வருஷத்துச் சட்டம் எழுதப்பட்டது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஒரு அரசுத் திட்டப் பணியாளருக்கு 1992-இல் நடந்த கொடுமையிலிருந்து, 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்து, அதிலிருந்து இந்தச் சட்டம் வந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். உங்கள் ஆபீஸில் இருப்பது தெரியவில்லை என்றால், பெரும்பாலும் காகிதத்தில்கூட இல்லை என்று அர்த்தம். அப்போதும் வழி அடைபடவில்லை. குழு இல்லாத இடம், பத்துப் பேருக்குக் குறைந்த இடம், முதலாளி மேலேயே புகார் என்ற மூன்றுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள். நம்மில் பாதிப் பேர் இன்னும் பழைய வட ஆற்காடு நினைப்பில் எதற்கும் சத்துவாச்சாரியில் இருக்கிற வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிவிடுகிறோம். 2019-இல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தாயிற்று. ஆபீஸ் ஆற்காட்டிலோ அரக்கோணத்திலோ இருந்தால் ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகம்; ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர்; காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் வேலூர். உங்கள் வீடு எங்கே என்பது கணக்கில்லை, வேலை செய்யும் இடம் எங்கே என்பதுதான் கணக்கு.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாசத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாசம் தரலாம். புகார் ஆறு பிரதி. மெசேஜ்களை அழிக்காதீர்கள், அசிங்கமாக இருக்கிறதென்று அழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். ‘சாப்பிட்டியா’ என்பதில் என்ன தப்பு என்று அவர் கேட்பார். ராத்திரி பதினொன்றரைக்கு, நீங்கள் பதில் போடாத பதினைந்தாவது ‘சாப்பிட்டியா’ என்று திரையில் இருந்தால் அவரால் கேட்க முடியாது.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம், அல்லது நீங்களே மூன்று மாசம் வரை லீவு கேட்கலாம். இருக்கிற லீவில் அதைக் கழிக்க மாட்டார்கள். ‘பேசித் தீர்த்துக்கலாம்மா’ என்று யாராவது வருவார்கள். சமரசம் நீங்கள் கேட்டால்தான், அதிலும் பணம் கைமாறக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனால் ‘பொய்ப் புகார்’ என்று உங்களைத் தண்டிப்பார்களோ என்று பயம் இருக்கும். நிரூபிக்க முடியாததாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இடம் கொடுத்தீர்களா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. யாராவது கேட்டால் தேதியைச் சொல்லுங்கள். ‘எந்தத் தேதியில், எப்படி?’ என்று திருப்பிக் கேளுங்கள். வாய் மூடிவிடும்.

கேள்வி: பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு பேர். இந்தக் காலத்துப் பசங்க ஒரு வார்த்தை தாங்க மாட்டேன்கிறார்கள். நான் தொழில் கற்றபோது முதலாளி ஸ்கேலால் அடிப்பார். அதனால்தான் இன்று நாலு பேருக்குச் சோறு போடுகிறேன். திட்டாமல் வேலை வாங்க முடியுமா? உங்களைப் போன்றவர்கள் எழுதி எழுதித்தான் பசங்க கெட்டுப்போகிறார்கள். (வாசகர், குடியாத்தம்)

பதில்: கடைசி வரியை வெட்டாமல் போடச் சொன்னேன், பார்த்தீர்களா.

ஐயா, ஸ்கேலால் அடித்த முதலாளியிடம் உங்களோடு எத்தனை பசங்க தொழில் கற்க வந்தார்கள்? அதில் எத்தனை பேர் இன்று பிரஸ் வைத்திருக்கிறார்கள்? அடியால் முன்னுக்கு வந்தீர்களா, அடியையும் மீறி வந்தீர்களா என்று மீதிப் பேரைக் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். நாலு கலர் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கிறது. ரெஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுவது, லேசாக நகர்ந்துவிட்டது. பிள்ளையார் காதோரம் சிவப்பு நிழல். டெலிவரி பக்கம் நிற்கிற ஹெல்பர் பையன் அதை முதல் ஐம்பது ஷீட்டிலேயே பார்த்துவிடுவான். உங்களிடம் சொன்னால், ‘எவன்டா பிளேட் மாட்டினது, உங்க அப்பன் வூட்டுப் பேப்பரா’ என்று ஆரம்பிப்பீர்கள். மெஷின்மேன் அவனை முறைப்பார். சொல்லாமல் இருந்தால்? மூவாயிரம் ஷீட் போன பிறகு நீங்களே பார்ப்பீர்கள், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டில் அவனுக்கு எது லாபம்? திட்டி வேலை வாங்கலாம் ஐயா, வாங்க முடியாது என்று சொல்ல மாட்டேன். தகவல் வாங்க முடியாது.

நம்ம வேலூர்க் கோட்டையில் நடந்ததே இருக்கிறது. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு வந்தபோது சிப்பாய்கள் முதலில் முறையிடத்தான் செய்தார்கள். முறையிட்டவர்களைச் சென்னைக்கு அனுப்பிச் சவுக்கடி கொடுத்தார்கள். அதற்கப்புறம் யாரும் முறையிடவில்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்று மேலே நினைத்துக்கொண்டார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலைதான் தெரிந்தது. உங்கள் பிரஸ்ஸில் கலகம் வராது. பையன்கள் பொங்கலுக்குப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள், அவ்வளவுதான்.

தப்பு நடந்தால் கேளுங்கள், கோபத்தோடே கேளுங்கள். அப்பனையும் ஆத்தாளையும் இழுக்காமல், தனியாகக் கூப்பிட்டு, எந்த இடத்தில் நழுவியது என்று கேளுங்கள். இன்னொன்று, பன்னிரண்டு பேர் என்கிறீர்கள். முந்தின பதிலில் சொன்ன உள்ளகக் குழு உங்கள் பிரஸ்ஸுக்கும் கட்டாயம். அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. குழுவைப் பற்றிய அறிவிப்புப் போர்டையும் நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம், செலவு மிச்சம்.

கேள்வி: என் மனைவி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கிளையில் வேலை செய்கிறாள். வசூல் குறைந்தால் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைச் சிவப்பில் போடுகிறார்கள். ஞாயிறு சாயந்தரம் ஆனாலே வயிற்றுவலி என்கிறாள். ‘விட்டுடு’ என்றால் சண்டைக்கு வருகிறாள். நான் என்ன செய்ய? (வாசகர், வேலூர்)

பதில்: ‘விட்டுடு’ என்று சொல்வதை முதலில் நீங்கள் விடுங்கள். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டாரா? வீட்டு லோன், பையன் ஸ்கூல் பீஸ், தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்த நகை என்று அவர் தலையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை அவர் தலையிலிருந்து இறக்கித் தாளில் எழுதுவதுதான் உங்கள் வேலை. ஒரு சம்பளத்தில் இந்த வீடு எத்தனை மாசம் ஓடும்? எதை நிறுத்தலாம், எந்தச் சீட்டைத் தள்ளலாம், யாரிடம் கைமாற்று வாங்கலாம்? மூன்று மாசம் ஓடும் என்று தாளில் தெரிந்துவிட்டால், வேலையை விடவே இல்லை என்றாலும், திங்கட்கிழமை அந்தக் கிளைக்குள் நுழைகிற பெண் வேறு ஆளாக நுழைவார். போக்கிடம் இல்லை என்பதுதான் அங்கே பாதி வலி.

அவர் பேசும்போது முடிக்கும்வரை யோசனை சொல்லாமல் கேளுங்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாலும் சரி. ‘எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான்’ என்ற வாக்கியம் மட்டும் வாயில் வரக் கூடாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்த குரூப்பை மியூட்டில் போட்டு, போனைச் சமையலறை அலமாரியில் வைக்கட்டும். அவசரமென்றால் கூப்பிடுவார்கள், வாட்ஸ்அப்பில் வருகிற எதுவும் அவசரமில்லை. சிவப்பில் போட்ட பெயர்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

வயிற்றுவலியை டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ‘ஒண்ணும் இல்லை’ என்று நினைக்காதீர்கள். தூக்கம், பசி, குழந்தையிடம் எரிச்சல் மூன்றும் மாறியிருக்கிறதா பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றாலே சிரிக்கிற ஆட்கள் நம்ம ஊரில் இன்னமும் உண்டு, சிரித்துவிட்டுப் போகட்டும். போனிலேயே பேச டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழில், இலவசம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் டாக்டர் சான்றில் 70 சதவீதச் சம்பளத்தோடு லீவு எடுக்க வழியுண்டு. ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் மட்டும் ஞாயிறு, திங்கள் பார்க்காதீர்கள். அன்றைக்கே, அந்த மணிக்கே, கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக விடாதீர்கள்.

கேள்வி: ஹெச்.ஆர். ரூமில் உட்கார வைத்து, ‘நீயே எழுதிக் குடுத்துட்டுப் போனா நல்ல பேரோட போகலாம்’ என்கிறார்கள். நாளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வருஷம் ஒன்பது மாசம் சர்வீஸ். (வாசகர், சிப்காட், ராணிப்பேட்டை)

பதில்: கடிதம் கைக்கு வந்ததுமே உங்களுக்கு போனில் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அந்த ரூமில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்ல கேட்டுட்டு வரேன் சார்’ போதும். இந்த வாக்கியத்துக்கு எதிராக ஒருத்தரும் எதுவும் சொல்ல முடியாது, நம்ம ஊரில் கல்யாணமே இதைச் சொல்லித்தான் தள்ளிப்போகிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்து அறவே கூடாது. மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால் அன்றைக்கே ஈமெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும், ‘இன்ன தேதி, இன்ன மணி, இன்னார் முன்னிலையில் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள், திரும்பப் பெறுகிறேன்’ என்று அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் யோசித்துத் தயாரித்த கதை என்பார்கள். பிறகு தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு.

நாலு வருஷம் ஒன்பது மாசத்தில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டுகிறார்கள் என்று புரிகிறதா? ஐந்து வருஷம் ஆனால் கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் வருகைப் பதிவை எண்ணிப் பாருங்கள். அது எட்டியிருந்தால் கேளுங்கள்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முதலியவற்றைச் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, ஐடி கார்டு, வேலைக்குச் சேர்ந்த ஆர்டர் எல்லாவற்றையும் இன்று ராத்திரியே போட்டோ எடுங்கள். நாளைக்குக் கேட்டில் கார்டு வேலை செய்யாது. பி.எஃப். எண்ணில் உங்கள் சொந்த போன் நம்பர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாசம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். அதற்காகப் போய்க் கெஞ்ச வேண்டாம்.

கேள்வி: டீ பிரேக்கில் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் மேனேஜரைப் பற்றித்தான் பேச்சு. அவரை மாதிரியே நடந்து காட்டிச் சிரிக்கிறோம். புறம் பேசுவது பாவம் என்று அம்மா திட்டுகிறாள். (வாசகி, ஆரணி)

பதில்: பாவ புண்ணியம் அம்மாவின் இலாகா, அதில் தலையிட மாட்டேன். நாலு பேரும் அதே ஆளைப் பற்றி அதே விஷயத்தைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள் என்றால், அங்கே நாலு சாட்சி இருக்கிறது. சிரித்து முடித்ததும் ஒருத்தி தேதி போட்டு எழுதி வையுங்கள். நடந்து காட்டுவதைக் கேமரா இல்லாத பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.